வாயும் வயிறும்

கருவுற்ற பெண்ணைப் பற்றிப் பேசும்போது, "அவள் வாயும் வயிறுமாக இருக்கிறாள்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். எவ்வளவு பொருள் பொதிந்த பேச்சு அது! வயிற்றை மட்டும் சொல்லி நிறுத்தாமல் வாயையும் சேர்த்துச் சொன்னார்கள். வயிற்றில் வளரும் உயிர், வாயின் வழியாகச் செல்லும் உணவால்தான் வளர்கிறது என்ற உண்மை அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் நடைமுறையில் நாம் செய்வது என்ன? வயிற்றைப் பார்க்கிறோம். ஆணா, பெண்ணா என்று ஊகிக்கிறோம். நாள் எண்ணுகிறோம். வாயை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

"கல்லூரி மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு? இது பாட்டிமார்கள் பேச வேண்டிய விஷயம் அல்லவா?" என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் சில காலம் முன்பு வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது எந்தப் பேராசிரியரின் சொற்பொழிவும் அன்று. எங்கள் வீட்டு அடுப்படிதான்.

ஒரு டிசம்பர் விடுமுறைக்கு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை சென்று, அங்கே வண்டி மாறித் தஞ்சை மாவட்டத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணிக்கு அப்போது ஐந்தாம் மாதம். தில்லிக் குளிரில் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் தின்று பிள்ளை இளைத்துவிட்டான் என்று அம்மாவுக்கு என்மேல் தனி இரக்கம். காலையில் அண்ணி தோசை வார்ப்பார். அப்பாவும் அண்ணனும் நானும் சுடச்சுடச் சாப்பிடுவோம். நான்கா, ஐந்தா என்று நான் எண்ணியதில்லை. நாங்கள் எழுந்த பிறகு, பாத்திரத்தின் அடியில் மிஞ்சிய மாவில் அம்மாவும் அண்ணியும் ஆளுக்கொன்று வார்த்துக்கொள்வார்கள். மாவு தீர்ந்துவிட்டால் முதல் நாள் சோறு இருக்கவே இருக்கிறது. மீன் குழம்பு வைத்த நாளில் நடுத்துண்டங்கள் எங்கள் தட்டுகளுக்கு வரும். சட்டியில் குழம்பும் வால் துண்டும் தங்கும். இரவில் எனக்கு ஒரு தம்ளர் பால். அண்ணிக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கொடுக்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் கொடியவர்கள் அல்லர். அம்மா அண்ணியை ஒரு கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவே முப்பது ஆண்டுகளாகக் கடைசியில்தான் சாப்பிட்டு வருகிறாள். அவளுக்கு முன்னால் பாட்டியும் அப்படித்தான். "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு உட்காருவதுதான் குடும்பப் பெண்ணுக்கு அழகு என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அந்த அழகில் நானும் ஐந்து தோசை அளவுக்குப் பங்கு பெற்றேன்.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் பாதிக்குமேல் அட்டையிலிருந்து பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடந்தன. சாப்பிட்டால் குமட்டல் வருகிறது, மலம் கறுத்துப் போகிறது என்று பயந்து அண்ணி நிறுத்திவிட்டார். மலம் கறுப்பது அந்த மாத்திரையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை என்று எடுத்துச் சொல்ல வீட்டில் படித்தவர்கள் மூவர் இருந்தும் ஒருவரும் கேட்கவில்லை. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி, "அதிகமாகத் தின்னாதே, பிள்ளை பெருத்துவிட்டால் ஆபரேஷன்தான்" என்று அறிவுரை வழங்கிவிட்டுப் போனார்.

ஏப்ரலில் குழந்தை பிறந்தது. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைதான். ஆனால் எடை 2 கிலோ 100 கிராம். அண்ணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8க்கும் கீழே இருந்ததாக மருத்துவர் சொன்னாராம். இங்கே விடுதியில் நான் சித்தப்பாவான மகிழ்ச்சியில் நண்பர்களுக்கு இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தேன். அன்றிரவு அண்ணன் அனுப்பிய படத்தைப் பார்த்தபோது இனிப்பு கசந்தது. குழந்தையின் முகம் ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது.

இப்போது குழந்தை நலமாக இருக்கிறது. நான் தின்ற தோசையால்தான் அதன் எடை குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு நான் அறிவிலி அல்லன். எடை குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு வீட்டுக் கதை நிரூபணம் ஆகாது. ஆனால் அந்தக் கதை என்னை நூலகத்துக்குள் தள்ளியது. அங்கே நான் படித்தவற்றுள் மிக முக்கியமான ஒன்று, வேறெங்கோ அன்று, நாம் வாழும் இந்தத் தில்லியிலேயே நடந்தது என்பதை அறிந்து வியந்தேன்.

பல்கலைக்கழக நிலையத்தில் மெட்ரோ ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் லாஜ்பத் நகர் போய்விடலாம். குளிர்காலம் தொடங்கியதும் மலிவான கம்பளிச் சட்டை தேடி நாம் கூட்டமாகப் போகும் இடம். பிரிவினையின்போது வீடிழந்து வந்தவர்களைக் குடியேற்றிய பகுதிகளில் அதுவும் ஒன்று. 1969 முதல் 1972 வரை, தெற்குத் தில்லியின் அந்தப் பகுதியில் மருத்துவர்கள் ஒரு பெரும் பணியைத் தொடங்கினார்கள். 12 சதுர கிலோமீட்டர் வட்டாரத்தில் வாழ்ந்த 20,755 மணமான பெண்களைப் பதிவு செய்தார்கள். அவர்களுக்குப் பிறந்த 8,181 குழந்தைகளைப் பிறந்தவுடன் எடை பார்த்தார்கள், நீளம் அளந்தார்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று வீடு தேடிச் சென்று அளந்துகொண்டே வந்தார்கள். டாக்டர் சந்தோஷ் பார்கவா போன்றோர் முன்னின்று நடத்திய அந்த ஆராய்ச்சி, குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பின்னும் நிற்கவில்லை.

அவர்களில் 26 முதல் 32 வயது வரையுள்ள 1,492 பேரைத் திரும்பத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். அதன் முடிவு 2004இல் வெளியாயிற்று. அந்த இளவயதிலேயே 100க்கு ஏறக்குறைய 15 பேருக்கு நீரிழிவோ, அதற்கு முந்திய நிலையோ வந்திருந்தது. யாருக்கு வந்திருந்தது? குழந்தைப் பருவத்தில் கொழுகொழுவென்று இருந்தவர்களுக்கு என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. பிறந்தது முதல் இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பிறகு வேகமாகச் சதை போட்டவர்களுக்கே பெரும்பாலும் வந்திருந்தது. பன்னிரண்டாம் வயதில்கூட அவர்களில் ஒருவரும் பருமனாக இல்லை. இருபத்தெட்டு வயதில் ஒருவருக்கு வரும் நோயின் வேர் தொட்டிலிலும், தொட்டிலுக்கு முந்திய கருவறையிலும் ஓடியிருக்கக்கூடும் என்பதற்கு லாஜ்பத் நகர் ஒரு சாட்சி.

இதற்கு இன்னொரு சாட்சி ஐரோப்பாவில் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் வழிமறித்ததால் ஹாலந்தின் மேற்குப் பகுதியில் உணவு இல்லாமற் போயிற்று. ஒரு நாள் பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கியது. சில மாதங்களில் போர் முடிந்தது, உணவும் வந்தது. ஆனால் அந்தச் சில மாதங்களில் கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது, பஞ்சத்தின் தடம் அழியாமல் இருந்தது. கருவின் பிற்பகுதியில் பசியைக் கண்டவர்கள் எடை குறைந்து பிறந்திருந்தார்கள். முற்பகுதியில் பசியைக் கண்டவர்களோ சாதாரண எடையில் பிறந்தார்கள். ஆயினும் அவர்களிடையே இதய நோய் மிகுந்து காணப்பட்டது. தராசு காட்டாததையும் உடம்பு நினைவு வைத்திருந்தது.

இது எப்படி நேர்கிறது? "குழந்தை தனக்கு வேண்டியதைத் தாயின் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், கவலை வேண்டாம்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாதி உண்மைதான் அது. எடுக்க இருந்தால்தானே எடுக்கும்? தட்டுப்பாடு வரும்போது கரு சிக்கனம் பிடிக்கிறது. மூளையைக் காப்பாற்றுவதற்காகத் தசை, கணையம், சிறுநீரகம் ஆகியவற்றின் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புகள் அனைத்தும் பிறப்பதற்கு முன்பே உண்டாகிவிடுகின்றன. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாகத் தோன்றுவதில்லை. பிறந்தபின் எவ்வளவு ஊட்டினாலும் அந்தக் கணக்கைத் திருத்த முடியாது. காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? நாற்றங்காலில் வெளிறிய நாற்றை நடவு வயலில் எவ்வளவு உரம் போட்டாலும் முழுதும் தேற்ற முடியாது என்பது எங்கள் ஊரில் எந்தக் குடியானவருக்கும் தெரியும். "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்கிறோம். முளை எந்த மண்ணில் இருந்தது என்று கேட்கத்தான் மறந்துவிடுகிறோம்.

அந்த மண்ணில் என்ன குறைகிறது என்பதையும் நம் நாட்டிலேயே கண்டறிந்தார்கள். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணியாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்றபோது கடுமையான இரத்தசோகைக்கு ஆளாகி மடிந்துகொண்டிருந்தனர். கிருமி ஒன்றும் அகப்படவில்லை. அவர்களுடைய உணவைத்தான் சந்தேகிக்க வேண்டியிருந்தது. குன்னூரிலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக விளங்கும் பெண்கள் மருத்துவமனையிலும் அவர் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். விலை மலிந்த மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைப் போக்குவதை 1931இல் உலகுக்கு அறிவித்தார். அதிலிருந்த பொருள் இன்னதென்று அப்போது தெரியவில்லை. பத்தாண்டுகளுக்குப் பிறகு அதே பொருளைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். பம்பாய்த் தொழிலாளிப் பெண்ணின் தட்டில் இல்லாமற்போனது கீரைதான்!

ஃபோலிக் அமிலத்தின் கதை அத்துடன் முடியவில்லை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் குழந்தை பெரும் ஊனத்தோடு பிறக்கும், அல்லது பிழைக்காது. முன்பு அத்தகைய குழந்தை பெற்ற தாய்மார்களுக்குக் கரு தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், அந்த ஊனம் மீண்டும் வருவது 72 சதவிகிதம் குறைந்தது என்று 1991இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டியது. 28 நாள் என்பதை எண்ணிப் பாருங்கள். கருவுற்றிருப்பதே பல பெண்களுக்கு அப்போது தெரிந்திராது. அப்படியானால் கருவுற்ற பிறகு கவனிக்கத் தொடங்குவது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது போன்றது அன்றோ?

நமது அரசாங்கத்தின் 2019-21ஆம் ஆண்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கருவுற்ற பெண்களில் 52.2 சதவிகிதம் பேருக்கு இரத்தசோகை. இது பேறுகாலத்தில் வந்த புது நோயா? இல்லை. 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 சதவிகிதம் பேருக்கு அது ஏற்கனவே இருக்கிறது. அதே நாட்டில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதமும், ஆண்களில் 25 சதவிகிதமும் இரத்தசோகை உள்ளவர்கள். மாதவிலக்கால் பெண்ணுக்கு இரும்புச்சத்து கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது உண்மை. கூடுதலாகத் தேவைப்படுகிறவளுக்குக் கூடுதலாகக் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை மிகத் துணிவாகக் கேட்டவர் டாக்டர் வி. ராமலிங்கஸ்வாமி. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக இருந்தவர். 1950களில் இமயமலைச் சாரலில் காங்க்ரா பள்ளத்தாக்கில் கழலை நோயை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர். உப்பில் சிறிது அயோடின் சேர்த்தால் அந்நோய் குறைவதை அந்த ஆராய்ச்சி மெய்ப்பித்தது. தாயின் உடம்பில் அயோடின் மிகவும் குறைந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றும். இன்று நம் விடுதிச் சமையலறையில் உள்ள உப்புப் பொட்டலத்துக்குப் பின்னால் அந்தப் பள்ளத்தாக்கு இருக்கிறது.

அப்படி உப்பில் தொடங்கியவர், 1996இல் வேறு இருவருடன் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையில் எங்கே வந்து நின்றார் தெரியுமா? "ஆசியப் புதிர்" என்பது அதன் தலைப்பு. ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளைவிட நம்மிடம் விளைச்சலும் வருவாயும் குறைவில்லை. அப்படியிருந்தும் நம் குழந்தைகள் அவர்களைவிட மெலிந்திருப்பதேன்? இதுதான் புதிர். குழந்தை பிறக்கும்போதே எடை குறைந்து பிறப்பதுதான் தொடக்கம் என்றும், அதற்கு ஆணிவேர் நம் பகுதியில் பெண்ணுக்கு உள்ள தாழ்ந்த நிலை என்றும் அவர்கள் எழுதினார்கள். பிற்காலத்தில் டயேன் காஃபி என்ற அறிஞர் 2005-06ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து இதை இன்னும் தெளிவாக்கினார். கருவுறத் தொடங்கும்போது இந்தியப் பெண்களில் 42 சதவிகிதம் பேர் எடை குறைந்தவர்கள். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் 16.5 சதவிகிதமே என்று கண்டார். அதன் பிறகு நம் நிலை ஓரளவு உயர்ந்திருக்கிறது. ஆனால் அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு மாவுப் பாத்திரத்தின் அடிதான் கண்முன் நின்றது.

இதற்கு மறுப்புகள் வரும். முதல் மறுப்பு: "வறுமைதான் காரணம், சோறு இருந்தால் போடமாட்டார்களா?" வறுமை பெருங்காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் 1975இல் அங்கன்வாடித் திட்டம் வந்தது. அதனால்தான் 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம், கருவுற்ற பெண்ணுக்கு உணவும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவியும் பெறும் உரிமையை வழங்கியது. நம் தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் மகப்பேறு நிதியுதவியும் ஊட்டச்சத்துப் பொருள்களும் தருகிறார்கள். இவை காலத்தோடு போய்ச் சேர வேண்டும் என்று குரல் கொடுப்பது நம் கடமை. ஆனால் எங்கள் வீடு ஏழை வீடு அன்று. வாங்கிய மீன் எல்லோருக்கும் போதும். பங்கீடுதான் போதவில்லை. நிறைந்த வீட்டிலேயே ஒரு தட்டு குறைவதற்கு வறுமை காரணம் ஆகாது.

இரண்டாவது மறுப்பு: "நம் இனமே சிற்றுருவம், சிறிய குழந்தை என்றால் கேடா?" 1980களில் பொருளாதார அறிஞர் சிலர்கூட, சிறியதாக இருந்தாலும் நலமாக இருக்கலாம் என்று வாதித்தார்கள். அதை வன்மையாக எதிர்த்தவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். குன்னூரிலும் ஹைதராபாத்திலும் தில்லியிலும் நம் நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சியை வளர்த்து, 2019இல் தம் நூறாவது வயதில் மறைந்தவர். பற்றாக்குறையால் குறுகியதை இயற்கை என்று பெயரிட்டு ஏற்றுக்கொள்வது ஏழைகளுக்கு ஒரு நியாயம், பணக்காரர்களுக்கு ஒரு நியாயம் வகுப்பதாகும் என்பது அவர் கருத்து. புனாவில் டாக்டர் யாக்ஞிக் கண்டதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்குள்ள கிராமக் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடையில் மிகக் குறைந்திருந்தாலும், தோலின் அடியில் உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. சதை குறைந்து கொழுப்பு நிலைத்த உடம்பு அது. சிறியது, ஆனால் நலமானது என்று சொல்ல முடியாதது.

மூன்றாவது மறுப்பை எழுப்ப வேண்டியவர்கள் பெண்கள். "இனிமேல் குழந்தைக்கு எது வந்தாலும் தாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று எங்கள் தலையில் கட்டுவீர்களா?" இந்த அச்சம் நியாயமானது. கருவுற்றவளுக்கு நம் நாட்டில் உணவுதான் குறைவு. உபதேசம் ஒருநாளும் குறைந்ததில்லை. நாவற்பழம் தின்றால் குழந்தை கறுக்கும், குங்குமப்பூ குடித்தால் சிவக்கும் என்பார்கள். நிறம் பெற்றோரின் மரபணுவில் உள்ளது, பூவில் இல்லை. குங்குமப்பூவைப் பாலில் கலந்து கொடுக்கிறோம்; நன்மை செய்வது பால், பெயர் வாங்குவது பூ! மண்ணையும் சாம்பலையும் தின்ன ஆசைப்பட்டால் மசக்கை என்று சிரிக்கிறோம். பல சமயங்களில் அது இரும்புச்சத்து குறைந்ததன் அறிகுறி. இவற்றையெல்லாம்விடக் கொடியது, குறைவாகச் சாப்பிட்டால் சுகப்பிரசவம் என்ற பேச்சு. மறுபுறம், "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்று இனிப்பாகத் திணிப்பதும் தவறு. பேறுகால நீரிழிவைப் பற்றிச் சென்னை டாக்டர் சேஷையா பல ஆண்டுகளாக எச்சரித்து வந்திருக்கிறார். உண்மையில் கூடுதலாக வேண்டியது எவ்வளவு? ஒரு நாளைக்கு 350 கலோரி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம். ஏறக்குறைய இரண்டு தோசையும் ஒரு தம்ளர் பாலும். அதனோடு கீரை, பருப்பு, ஒரு பழம். உண்பவர்களானால் முட்டை, மீன். இவ்வளவுதான். இதைத் தாயின் குற்றமாக நான் எழுதவில்லை. அந்த இரண்டு தோசை யாருடைய தட்டுக்குப் போயிற்று என்றுதான் கேட்கிறேன்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். ஐந்து வகைச் சோறும் பலகாரமும் வைத்து, வளையல் பூட்டி, ஊரைக் கூட்டி வளைகாப்பு நடத்தினார்கள். அன்று ஒரு நாள் பிள்ளைத்தாய்ச்சிக்குத்தான் முதல் இலை. அந்த வழக்கத்தை நான் போற்றுகிறேன். ஆனால் கருக்காலம் 280 நாள். ஒரு நாள் விருந்து, 279 நாள் மிச்சம் மீதி என்றால் அது என்ன உபசாரம்? அதுவும் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ!

இந்நிலையை மாற்ற முடியுமா? முடியும் என்று மீண்டும் இதே தெற்குத் தில்லியே காட்டியிருக்கிறது. எளிய மக்கள் வாழும் பகுதிகளில் 13,500 இளம் பெண்களைச் சேர்த்து நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2022இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குக் கரு தரிக்கும் முன்பே தொடங்கி, கருக்காலத்திலும், குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் சத்துணவு, மாத்திரைகள், மருத்துவக் கவனிப்பு, சுத்தமான நீர், மன ஆறுதல் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், எடை குறைந்த பிறப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு வயதில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தார்கள். மந்திரம் எதுவும் இல்லை. வேண்டியதை வேண்டிய காலத்தில், அதாவது காலத்துக்கு முன்பே, கொடுத்தார்கள்.

நண்பர்களே, "முன்பே" என்பது யாரைக் குறிக்கிறது? நம்மோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் சகோதரிகளை. ஒன்பது மணி வகுப்புக்கு ஓடுவதற்காகக் காலை உணவை விட்டுவிட்டு, மதியம் வரை ஒரு கோப்பைத் தேநீரில் காலம் தள்ளுகிறவர்களை. சகோதரிகளே, நீங்கள் தாயாகப் போகிறவர்கள் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. தாயாவதும் ஆகாததும் உங்கள் விருப்பம். உங்கள் உடம்பு உங்களுடையது. அதற்கு இரத்தம் வேண்டும். ஒருமுறை பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுத்தால் தேநீருடன் சாப்பிடாதீர்கள். தேநீரும் காப்பியும் இரும்பைத் தடுக்கும், எலுமிச்சையும் நெல்லியும் அதை உடம்பில் சேர்க்கும்.

ஆண் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இன்னும் எளியது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அடுப்படிக்குள் சென்று ஒருவேளையாவது நீங்கள் தோசை வாருங்கள். அம்மாவையும் அண்ணியையும் முதலில் உட்கார வையுங்கள். சிரிப்பார்கள், கூச்சப்படுவார்கள், "நீ சாப்பிடுடா" என்று எழுந்திருப்பார்கள். விடாதீர்கள். இந்தக் கோடை விடுமுறையில் நான் அதைச் செய்தேன். முதல் நாள் அம்மா பாதித் தோசையில் எழுந்துவிட்டாள். நான்காம் நாள், "இன்னொன்று முறுகலாக" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளில் அவளுக்குத் தோசை எப்படிப் பிடிக்கும் என்று நான் தெரிந்துகொண்டது அன்றுதான்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சென்ற பொங்கல் விருந்தை நினைத்துப் பாருங்கள். "பந்திக்கு முந்து" என்று நாம் முந்தினோம். பரிமாறியவர்கள் நம் சகோதரிகள். அவர்கள் இலை முன் அமர்ந்தபோது வடை தீர்ந்துவிட்டது, பாயசம் அடிவண்டல். தில்லியில் பட்டப்படிப்பும் ஆராய்ச்சிப் படிப்பும் படிக்கும் நாமும் எங்கள் ஊர் அடுப்படியை இங்கே அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறோம். வரும் பொங்கலுக்கு முதல் பந்தியில் பெண்கள் உட்காரட்டும். நாம் வாளியும் கரண்டியும் எடுப்போம். இதற்குத் தீர்மானம் வேண்டுமென்றால் அடுத்த செயற்குழுவில் நானே கொண்டுவருகிறேன். யாராவது வழிமொழிந்தால் போதும்.